மௌனம் சம்மதம் ஆகுமா?

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அங்கே புதிதாக ஓர் உதவியாளர் சேர்ந்திருக்கிறார். எழுதியிருப்பதை அப்படியே செய்வார்; ‘இதைச் செய்யலாமா, கூடாதா?’ என்று தாமாக எண்ணிப் பார்க்க மாட்டார். அவர் செய்யவேண்டிய வேலைகளை 1, 2, 3 என எண்ணிட்டு அச்சடித்த பலகை ஒன்று சுவரில் தொங்குகிறது. மேசைமேல் ஒரு சிலேட்டு இருக்கிறது.

பலகையின் 17ஆம் வரி, ‘வருபவர் பெயரைச் சிலேட்டில் எழுதிக்கொள்’ என்கிறது. உதவியாளர் சிலேட்டின் ஐந்தாம் வரியில், ‘முடிந்ததும் பலகையின் 18ஆம் வரிக்குப் போ’ என்று தமக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறார். அதற்கு மேலே நான்கு வரிகள் காலியாக உள்ளன. வந்தவர் சொல்லச் சொல்ல, அந்த இடத்தில் பெயரை எழுதுகிறார்.

ஒருநாள் தந்திரக்காரன் ஒருவன் வருகிறான். அவன் சொல்லும் ‘பெயர்’ நான்கு வரிகளில் அடங்கவில்லை. ஐந்தாம் வரிக்கும் வழிந்து, அங்கே இருந்த குறிப்பை அழித்துவிடுகிறது. அவன் சொன்னது பெயரும் அன்று. முதல் வரியில் இருப்பது, ‘பீரோவைத் திறந்து பணத்தை இவரிடம் கொடு.’ ஐந்தாம் வரியில் இருப்பது, ‘முடிந்ததும் சிலேட்டின் முதல் வரிக்குப் போ.’ நம் உதவியாளர் என்ன செய்வார்? எழுதி முடித்ததும் ஐந்தாம் வரியைப் படிப்பார், முதல் வரிக்குப் போவார், பீரோவைத் திறப்பார்!

வேடிக்கைக் கதைபோல இருக்கிறதல்லவா? ஆனால் கணிப்பொறிகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது. இதைத் தடுக்க வைத்த காவல் யாது? அந்தக் காவல் எப்படி ஒருவருடைய மௌனத்தால் தளர்ந்து போகிறது? இக்கட்டுரையில் காண்போம்.

எண்ணும் ஆணையும் ஒரே உருவம்

கணிப்பொறியின் நினைவகத்தில் இருப்பவை எல்லாம் எண்களே. நீங்கள் தட்டச்சிடும் பெயரும் எண். நிரலின் ஆணையும் எண். இரண்டையும் ஒரே நினைவகத்தில் வைக்கலாம் என்னும் கருத்தை ஜான் வான் நியூமன் 1945இல் எட்வாக் என்னும் கணிப்பொறியைப் பற்றி எழுதிய அறிக்கையில் விளக்கினார். இன்றைய கணிப்பொறிகள் பெரும்பாலும் அந்த வழியில் அமைந்தவையே.

ஓர் எடுத்துக்காட்டு: நினைவகத்தின் ஒரு பைட்டில் 195 என்ற எண் இருக்கிறது என்க. அது யாரோ ஒருவருடைய எடையாகவோ உயரமாகவோ இருக்கலாம். ஆனால் இன்டெல் வகை மையச் செயலகம் அதை ஆணையாக எடுத்துக்கொண்டு படித்தால், ‘வந்த இடத்திற்குத் திரும்பிப் போ’ என்று பொருள் கொள்ளும். எண்ணின் நெற்றியில் ‘நான் தரவு’, ‘நான் ஆணை’ என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை. செயலகம் எந்த முகவரிக்குப் போய் நிற்கிறதோ, அங்கே உள்ளதை ஆணை என்றே கொள்ளும்.

தட்டு அடுக்கு

கல்யாண வீட்டில் கழுவிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். நிரலுக்கும் இப்படி ஓர் அடுக்கு உண்டு. ஆங்கிலத்தில் இதை ஸ்டாக் என்பர்.

நிரல் என்பது பல துணைநிரல்களின் தொகுப்பு. ஒரு துணைநிரல் இன்னொன்றை அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் ‘வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது’ என்னும் முகவரியை எங்கேனும் குறித்து வைக்கவேண்டும். இன்டெல் வகைச் செயலகம் அதனை அடுக்கின் உச்சியில் வைக்கிறது. அழைக்கப்பட்ட துணைநிரல் தனக்கு வேண்டிய தற்காலிக எண்களையும் எழுத்துகளையும் அதன்மேல் வைத்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, திரும்பும் முகவரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

நம் கதையின் சிலேட்டு இதுதான். வெளியிலிருந்து வரும் தரவும், திரும்பும் முகவரியும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. தரவு அளவுக்கு மீறினால் முகவரி அழிந்துபோகும்.

1988 நவம்பர் 2

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், தானே பரவும் ஒரு நிரலை அன்று இணையத்தில் விட்டார். அது பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, ‘ஃபிங்கர்’ என்னும் சேவை. ஒரு கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் யார் என்று வெளியிலிருந்து கேட்டால் சொல்லும் எளிய சேவை அது. வரும் கேள்வியை வாங்கி வைக்க அடுக்கில் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வருவது அதற்குள் அடங்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மோரிஸின் நிரல் 536 பைட்டுகளை அனுப்பியது.

மீதி 24 பைட்டுகள் திரும்பும் முகவரி இருந்த இடத்தின்மீது வழிந்தன. புதிய முகவரி, அடுக்கில் அப்போதுதான் வந்து இறங்கிய எண்களையே காட்டியது. அவை வாக்ஸ் என்னும் வகைக் கணிப்பொறிக்கான ஆணைகள்! அவற்றைச் செயலகம் பணிவோடு நிறைவேற்றியது. கணிப்பொறி அந்நியர் கைக்குப் போயிற்று. ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்பது அக்கால மதிப்பீடு. மோரிஸுக்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

மூன்று அனுமதிகள்

இதைத் தடுக்க என்ன வழி? உதவியாளரிடம், ‘சிலேட்டில் எழுதலாம், சிலேட்டைப் படிக்கலாம், ஆனால் அதில் உள்ளதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே’ என்று சொல்லிவிட்டால் போதுமல்லவா?

கணிப்பொறியிலும் இதையே செய்கிறார்கள். நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இன்டெல் வகையில் ஒரு பக்கம் பொதுவாக 4,096 பைட். ஒவ்வொரு பக்கத்திற்கும் மூன்று அனுமதிகள்: படிக்கலாமா, எழுதலாமா, ஆணையாகக் கொண்டு இயக்கலாமா? நிரலின் ஆணைகள் உள்ள பக்கத்தைப் படிக்கலாம், இயக்கலாம், எழுதக்கூடாது. அடுக்கு உள்ள பக்கத்தைப் படிக்கலாம், எழுதலாம், இயக்கக்கூடாது.

கேட்க எளிது. ஆனால் பழைய 32 பிட் இன்டெல் செயலகங்களின் பக்க அட்டவணையில் ‘இயக்காதே’ என்று குறிக்கத் தனி இடமே இல்லை. படிக்கக்கூடிய பக்கம் எல்லாம் இயக்கக்கூடிய பக்கமே. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆப்டெரான் என்னும் 64 பிட் செயலகத்தில் இந்தக் குறை நீங்கியது. அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் 0 முதல் 63 வரை எண்ணிட்ட 64 பிட்டுகள். அவற்றுள் 63ஆவது பிட்டை 1 ஆக்கினால், அந்தப் பக்கத்தை இயக்க முடியாது. மறு ஆண்டே இன்டெல்லும் இதனை ஏற்றுக்கொண்டது.

இப்போது யாரேனும் மோரிஸின் தந்திரத்தைச் செய்தால் என்னாகும்? செயலகம் அடுக்கின் பக்கத்தில் கால் வைத்த கணமே தடை எழும். இயக்க முறைமையின் உட்கருவான கெர்னல் அந்த நிரலை நிறுத்திவிடும். நிரல் நின்று போகும். ஆனால் வீடு கொள்ளை போகாது.

சிலருக்கு மட்டும் விதிவிலக்கு

அப்படியானால் எல்லா அடுக்குகளுக்கும் தடை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே! இருக்க முடியவில்லை. அடுக்கின்மேல் ஆணைகளை எழுதி இயக்கும் நேர்மையான நிரல்களும் உண்டு.

ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற கம்பைலர், சி மொழியில் ஒரு துணைநிரலுக்குள்ளேயே இன்னொரு துணைநிரலை எழுத இடம் தருகிறது. உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் மாறிகளைப் பயன்படுத்தலாம். அந்த உள் துணைநிரலின் முகவரியை வேறு யாரிடமேனும் கொடுக்கும்போது, ‘என் மாறிகள் இங்கே இருக்கின்றன’ என்னும் செய்தியையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அதற்காக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுக்கின்மேல் சில ஆணைகளை எழுதி, அவற்றின் வழியாகத் தாவச் செய்வது நெடுநாள் வழக்கம். இதைக் குதிமேடை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் ‘டிராம்போலின்’ என்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு நிரலும் தன் தேவையைச் சொல்ல ஒரு சீட்டு வேண்டியதாயிற்று. லினக்ஸில் நிரல் கோப்பின் முன்பகுதியில் ‘க்னூ ஸ்டாக்’ என்று ஒரு பதிவு இருக்கும். நாம் அதனை அடுக்குச் சீட்டு என்போம். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு. சீட்டில் 6 இருந்தால் (4 + 2), ‘படிக்கவும் எழுதவும் போதும்’ என்று பொருள். 7 இருந்தால் (4 + 2 + 1), ‘இயக்கவும் வேண்டும்’ என்று பொருள்.

நிரல் தொடங்கும் நொடியில்

இனி நம் கதையின் முக்கியப் பாத்திரம் வருகிறது. நீங்கள் ஒரு நிரலைத் தொடங்கியதும் நடப்பவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலில் கெர்னல் நிரலின் கோப்பைத் திறக்கிறது. அடுக்குச் சீட்டைப் பார்த்து, அதற்கேற்ப அடுக்கை அமைக்கிறது. ஆனால் நிரல் தனியாள் அன்று. திரையில் எழுதுவது, கோப்பைப் படிப்பது, கணக்குப் போடுவது போன்ற பொது வேலைகளுக்கு அது நூலகங்களை நம்பியிருக்கிறது. அவை தனித்தனிக் கோப்புகள். அவற்றைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றி, நிரலோடு பொருத்திவிடும் தரகர் ஒருவர் வேண்டும். அவரே டைனமிக் லிங்கர். தமிழில் இயக்கநேர இணைப்பி எனலாம். கெர்னல் இந்த இணைப்பியையும் நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதன் கையில் கொடுக்கிறது. நிரலின் முதல் ஆணை இயங்குவதற்கு முன்பே இணைப்பியின் வேலை தொடங்கிவிடுகிறது.

இணைப்பி நிரலுக்கு வேண்டிய நூலகங்களின் பட்டியலைப் படிக்கிறது. ஒவ்வொன்றாகத் திறக்கிறது. அந்த நூலகங்களுக்கு வேறு நூலகங்கள் தேவையானால் அவற்றையும் திறக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ள அடுக்குச் சீட்டையும் பார்க்கிறது. எல்லாச் சீட்டுகளிலும் 6 இருந்தால் கவலை இல்லை. ஏதேனும் ஒன்றில் 7 இருந்தால், ‘அடுக்கை இயக்கத்தக்கதாக மாற்று’ என்று கெர்னலிடம் கேட்கிறது. கெர்னல் இசைந்தால் அடுக்கின் அனுமதி 6இலிருந்து 7 ஆகிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். கேட்டது ஒரு நூலகம். அதற்கு மட்டும் தனி அடுக்குத் தந்தால் என்ன? முடியாது. நிரலும் நூலகங்களும் ஒன்றையொன்று அழைத்துக்கொள்கின்றன. எல்லாருடைய தட்டுகளும் ஒரே அடுக்கில் மாறிமாறி அமர்கின்றன. எனவே ஒருவருக்குத் தந்த அனுமதி எல்லாருக்கும் தந்த அனுமதியே. நிரல் பல இழைகளாகப் பிரிந்து ஓடுமானால், ஒவ்வோர் இழையின் அடுக்குக்கும் அதே கதிதான்.

இயற்பியல் வகுப்பில் ‘ஆர்’ கேட் படித்திருப்பீர்கள். பக்க இணைப்பில் உள்ள சாவிகளில் எந்த ஒன்றை மூடினாலும் விளக்கு எரியும். முப்பத்தொன்பது சாவிகள் திறந்திருந்தும் பயனில்லை. நாற்பதாவது மூடியிருந்தால் போதும். நூலகங்களின் சீட்டுகளும் அப்படியே. 6 உள்ள நூலகம் எதுவும் வந்து 7ஐ மீண்டும் 6 ஆக்க முடியாது. டையோடில் மின்னோட்டம்போல் இந்த மாற்றம் ஒரே திசையில்தான் செல்லும்.

சீட்டே இல்லாவிட்டால்?

இதுவரை சொன்னது, கேட்டு வாங்கிய அனுமதி. கேளாமலே வரும் அனுமதிதான் உண்மையான சிக்கல்.

அடுக்குச் சீட்டு வழக்கத்திற்கு வருவதற்கு முன்பே எழுதிய நிரல்கள் ஏராளம். அவற்றில் சீட்டு இராது. அவற்றை என்ன செய்வது? தடை போட்டால், அடுக்கில் குதிமேடை வைத்த பழைய நிரல்கள் திடீரென நின்றுவிடும். எனவே, ‘சீட்டு இல்லையா? சரி, இயக்கும் அனுமதியும் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம்’ என்று இன்டெல் வகைக் கணிப்பொறிகளுக்கு முடிவு செய்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மௌனம் சம்மதம்’ என்பார்களே, அதே கதை!

இதன் விளைவைப் பாருங்கள். சி மொழியில் எழுதினால், ஜி.சி.சி. ஒவ்வொரு துண்டுக் கோப்பிலும் அடுக்கைப் பற்றிய குறிப்பைத் தானே எழுதிவிடும். ஆனால் வேகம் மிகவும் தேவைப்படும் இடங்களில் அசெம்பிளி மொழியில் கையால் எழுதுவது உண்டு. மறைக்குறியீட்டுக் கணக்குகள், ஒலி ஒளிக் கோப்புகளைச் சுருக்குதல் போன்றவை அத்தகையவை. அங்கே குறிப்பை எழுதியவரே நினைவாகச் சேர்க்கவேண்டும். ஒரே ஒரு வரி. அதை மறந்தால், துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு நூலகமாகக் கட்டும் கருவி, மறந்துபோன அந்த ஒரு துண்டுக்காக நூலகம் முழுவதற்கும் 7 என்று சீட்டு எழுதிவிடும்.

பிறகு அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலிலும் இயக்கநேர இணைப்பி அந்த 7ஐப் பார்க்கிறது. அடுக்கின் தடையை நீக்குகிறது. நூலகத்தை எழுதியவர் அப்படி ஓர் அனுமதியைக் கேட்கவே இல்லை. நிரலை எழுதியவருக்குச் செய்தியே தெரியாது. திரையில் எச்சரிக்கை ஏதும் வராது. நிரலும் வழக்கம்போல் ஒழுங்காக ஓடும். காவல் மட்டும் இல்லை. மின்சுற்றில் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் போட்டால் விளக்கு நன்றாகத்தானே எரியும்? விபத்து நேரும் நாளில்தான் உண்மை தெரியவரும்.

மௌனத்திற்குப் புதிய பொருள்

இந்தப் பிழையின் வேர், சீட்டு இல்லாமைக்குக் கொடுத்த பொருளில் இருக்கிறது. அதனைத் திருத்தும் பணி படிப்படியாக நடந்து வருகிறது.

2020இல் வந்த லினக்ஸ் 5.8 கெர்னல், இன்டெல் வகை 64 பிட் நிரல்களுக்குச் சீட்டு இல்லையென்றால் இயக்கும் அனுமதி தருவதில்லை என்று மாற்றிக்கொண்டது. 2022 ஆகஸ்டில் வெளியான பின்யூடில்ஸ் 2.39 தொகுப்பில், துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் கருவி வாய்திறந்து எச்சரிக்கத் தொடங்கியது. எந்தத் துண்டில் குறிப்பு விடுபட்டிருக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது.

மூன்றாவது மாற்றம் இயக்கநேர இணைப்பியிலேயே நேர்ந்தது. நிரல் தொடங்கும்போது மட்டுமன்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதும் புதிய நூலகத்தை ஏற்றச் சொல்லலாம். முன்பெல்லாம் அப்படி நடுவில் வந்த நூலகம் 7 காட்டினாலும், இணைப்பி அடுக்கைத் திறந்துவிடும். 2025 ஜனவரியில் வெளியான க்னூ சி நூலகம் 2.41 பதிப்பில் இவ்வழக்கம் மாறிற்று. நடுவில் வரும் நூலகம் இயக்கத்தக்க அடுக்கைக் கேட்டாலும், சீட்டே இல்லாமல் வந்தாலும், அடுக்கின் அனுமதி மாற்றப்படுவதில்லை. நூலகம் ஏறாது, பிழைச் செய்திதான் வரும். தொடக்கத்திலேயே உடன் வரும் நூலகம் கேட்டால் அந்தப் பதிப்பும் வழக்கம்போல் இசைகிறது. வேண்டாம் என்போர் அதையும் தடுக்க ஒரு தனி அமைப்பு உண்டு.

தொடக்கத்திற்கும் நடுவிற்கும் ஏன் இந்த வேறுபாடு? தொடக்கத்தில் வெளியார் யாரும் இன்னும் தரவு அனுப்பத் தொடங்கவில்லை. நடுவிலோ பல இழைகள் ஓடிக்கொண்டிருக்கும். வலையமைப்பிலிருந்து தரவு வந்துகொண்டிருக்கும். ‘என் அடுக்கு காவலோடு இருக்கிறது’ என்று நம்பி ஓடும் நிரலின் காலடியில் நிலத்தை மாற்றுவது போன்றது அது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. நேற்றுவரை ஓடிய சில பழைய நிரல்கள், நூலகத்தை நடுவில் ஏற்ற முடியாமல் நின்றுவிடும். பழையதை ஓடச் செய்வதா, புதியதைக் காப்பதா என்னும் இழுபறி கணிப்பொறித் துறையில் ஓயாதது. இருபது ஆண்டுக்காலம் பழையதன் பக்கம் சாய்ந்திருந்த தராசு இப்போது மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.

இது மட்டும் போதுமா?

போதாது. அடுக்கில் ஆணைகளைக் கொண்டுவந்து வைக்க முடியாவிட்டாலும், திரும்பும் முகவரியை மாற்றுவது இன்னும் சாத்தியமே. தாக்குபவன் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆணைகளுக்கே செயலகத்தை அனுப்பலாம் என்று 1997இலேயே செய்து காட்டினார்கள். ஹோவாவ் ஷாச்சம் என்னும் ஆராய்ச்சியாளர், இருக்கும் ஆணைத் துணுக்குகளை மாலைபோல் கோத்தே வேண்டிய வேலையைச் செய்விக்கலாம் என்று 2007இல் நிறுவினார். அப்படிக் கோத்து, அடுக்கின் அனுமதியை 7 ஆக்கிவிட்டால் பழைய தந்திரம் மறுபடியும் பலிக்கும்!

ஆகவே வேறு காவல்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘கானரி’. முன்பு நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவை அறியக் கானரிப் பறவையைக் கூண்டில் கொண்டுபோவார்கள். அதன் நினைவாக வைத்த பெயர். திரும்பும் முகவரிக்கு முன்னால் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை வைத்துவிட்டு, திரும்பும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மாறியிருந்தால் ஏதோ வழிந்திருக்கிறது என்று பொருள். கதவுக்குப் பூட்டும் வேண்டும், நாயும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது தேவையற்றதாகிவிடாது.

நீங்களே பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் லினக்ஸ் இருந்தால், ஆசிரியர் அனுமதியோடு இதைச் செய்து பாருங்கள். ‘ப்ராக்’ என்னும் அடைவில் ‘செல்ஃப்’ என்பதன்கீழ் ‘மேப்ஸ்’ என்னும் கோப்பு இருக்கிறது. ‘கேட்’ கட்டளையால் அதைத் திரையிடுங்கள். அந்தக் கட்டளை தன் சொந்த நினைவகத்தின் வரைபடத்தையே உங்களுக்குக் காட்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு தொகுதி உண்டு. முதல் மூன்று இடங்கள் முறையே படிக்க, எழுத, இயக்க. அனுமதி இல்லாத இடத்தில் சிறு கோடு இருக்கும்.

‘ஸ்டாக்’ என்று முடியும் வரியைத் தேடுங்கள். மூன்றாம் இடத்தில் சிறு கோடு இருந்தால், அந்த அடுக்குக்குக் காவல் இருக்கிறது. ‘எக்ஸ்’ என்னும் எழுத்து இருந்தால், யாரோ ஒருவர் 7 என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார், அல்லது சீட்டே கொடுக்காமல் இருந்திருக்கிறார். பிறகு நூலகங்களின் வரிகளையும் பாருங்கள். எழுதவும் இயக்கவும் ஒருசேர அனுமதி உள்ள பக்கம் ஒன்றேனும் இருக்கிறதா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். ஒரு படிவத்தை வடிவமைப்பீர்கள். ஓர் இயந்திரத்திற்கு விதி வகுப்பீர்கள். பயன்படுத்துவோர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அதற்கு என்ன பொருள் என்பதை அன்று நீங்களே முடிவு செய்யவேண்டியிருக்கும். அப்போது அடுக்குச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்திறந்து கேட்டவருக்கு மட்டும் ஆபத்தான அனுமதியைக் கொடுங்கள். பேசாமல் இருந்தவருக்குப் பாதுகாப்பைக் கொடுங்கள்.